கறுப்பியின் மரபணுவில் ஒரு துண்டு குறைகிறது

அன்பு மைத்துனனுக்கு, உன் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் நலமாவது கெடாமல் இருக்கட்டும்.

விஷயம் நம் கறுப்பியைப் பற்றியது. மாட்டு டாக்டர் இலவசமாகப் பரிசோதனை செய்து தருகிறேன் என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக நானும் தலையாட்டி, வாலில் நாலு முடி பிடுங்கித் தரும்படி உன் அக்காவிடம் சொன்னேன். இப்போது முடிவு வந்திருக்கிறது. மரபணுவில் ஒரு துண்டு குறைகிறதாம். அதனால் மாட்டுக்குப் பைத்தியம் பிடிக்கும் அந்த நோய் வர "வாய்ப்பு அதிகம்" என்று போட்டிருக்கிறது. வாழ்நாளெல்லாம் நாயாய் அலைந்தும் எனக்கு ஒரு வாய்ப்பு வரவில்லை, இவளுக்கு வந்திருக்கிறது பார். மூளைக்குள் ஒரு புரதம் கோணிக்கொள்ளுமாம். அது சும்மா இராமல் பக்கத்தில் இருப்பதையும் கோணலாக்குமாம், நம் பங்காளிகளைப் போல. கடைசியில் மூளை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடுமாம், மருந்தே கிடையாதாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் என்னவோ, "அது தாழ்ப்பாள் இல்லாத கதவு மாதிரிங்க. திருடன் வந்தாத்தானே பயம்? கண்ட தீவனத்தைப் போடாதீங்க, போதும். பால்ல எல்லாம் வராது" என்று சிரிக்கிறார். அவருக்கென்ன, அவர் வீட்டில் பாக்கெட் பால். நான் தொழுவமே கதியென்று உட்கார்ந்து பார்க்கிறேன். மிரள்கிறாள், மூக்கை நக்குகிறாள், உதைக்கிறாள். எல்லாம் அந்த நோயின் அறிகுறி. உன் அக்காவிடம் சொன்னால், "காதுகிட்டப் போய் கையைத் தட்டினா மிரளாம கும்பிடுமா? உங்களுக்குத்தான் கழண்டுபோச்சு" என்கிறாள். இருக்கலாம்டா, அந்தப் பாலைத்தானே நானும் இத்தனை நாள் குடிச்சேன். நேத்து குடையைக் கடையில மறந்துட்டு வந்தேன், இதுவும் அந்த நோய்தானோ என்னவோ. வித்துடலாம்னா மனசு கேக்கல. வாங்குறவனும் பிள்ளைகுட்டிக்காரனாத்தானே இருப்பான்? வச்சுக்கவும் பயமா இருக்கு. நீ வந்து ஒரு முடிவு சொல்லு.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள். எல்லோரும் புத்தித் தெளிவோடு நெடுநாள் இருக்க வேண்டும்.

நடுக்கத்துடன்,
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அக்கா சொல்கிறாள்: "கறுப்பி எங்க வாலைத் தொட விட்டா? செவலை சாதுவா நின்னுச்சு, அது வால்லதான் பிடுங்கினேன். ரெண்டும் மாடுதானே?" செவலை என்றால், போன மாதம் நீ ஓட்டிக்கொண்டு போனதேதான். பயப்பட ஒன்றுமில்லை. டாக்டர் விவரமான மனுஷர், அவர் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன், நிதானமாகப் படி. குழந்தைகளை மட்டும் கொஞ்ச நாள் இங்கே அனுப்பிவை.