சேரன் சார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்

மாணிக்கவேல் அந்தச் சேரனைப் பார்த்ததில்லையே தவிர, வெறுப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை அவருடையது. சேத்தியாத்தோப்பு வரைக்கும் எரிந்துபோன பம்புசெட்டுக்கெல்லாம் அவர்தான் உயிர் கொடுப்பார். அவர் வீட்டில் மட்டும் மூன்று மாதமாக ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

அது மனைவி நீலாவதியின் போர்டு. கொல்லையில் கரன்ட் சூளை வைத்து அவள் பீங்கான் பொம்மை சுடுகிறாள். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பச்சை போர்டு சூளையின் சூட்டை அளக்கும். போதுமான சூடு வந்ததும் ரிலே என்கிற சுவிட்சைத் தட்டிக் கரன்டை நிறுத்தும். ஏற்பாடு அப்படித்தான். நடந்தது வேறு. பத்தே நிமிடத்தில், சூளை சுடுவதற்கு முன்னால் போர்டு சுட்டது. சுட்ட கையோடு மயங்கி நின்றது. ஒரு முறை அது மயங்கியதில் கரன்ட் நிற்காமல் ஓடி, மேல்பூச்சு வழிந்து, இருபத்திரண்டு பிள்ளையாரும் தட்டோடு ஒட்டிக்கொண்டார்கள். உளி வைத்துப் பெயர்த்ததில் ஒருத்தருக்கும் தும்பிக்கை மிஞ்சவில்லை. நவராத்திரிக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

நீலாவதி சொல்லத்தான் சொன்னாள். நாளைக்குப் பார்க்கிறேன் என்று அவரும் தினமும் தவறாமல் சொன்னார்.

ஒரு சாயங்காலம் டீ டம்ளரோடு கொல்லைப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தொட்டா கை சுடுது சேரன் சார். கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருக்குது, அப்பறம் பேச்சு மூச்சே இல்ல. ஆமாங்க... உங்ககிட்ட சொன்னாத்தான் மனசு ஆறுது."

டீயும் ஆறியது. அவருக்கு வயிறுதான் எரிந்தது.

யார் என்று கேட்டார். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், என்ன சொன்னாலும் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்கிறார் என்றாள். அன்றிலிருந்து தினமும் ஐந்தரைக்குப் போன். அந்தச் சேரன் தன் பெண்டாட்டிக்குக் காய்கூட நறுக்கிக் கொடுப்பாராம். மாணிக்கவேல் யாரும் கேட்காமலே வெண்டைக்காயை நறுக்கினார். ஆள்காட்டி விரலையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை அவள் குண்டைப் போட்டாள். "ஞாயித்துக்கெழம சாரே வூட்டுக்கு வராரு. கறி எடுக்கணுங்க."

கறியாம். பதினான்கு வருஷமாக மாணிக்கவேலுக்கு ஞாயிறென்றால் முட்டைக் குழம்பு. அந்தப் பயல் வாசற்படி மிதிப்பதற்குள் போர்டைச் சரிசெய்துவிடுவது என்று அவர் முடிவெடுத்தார்.

சனிக்கிழமை நீலாவதி ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் பஸ் ஏறினாள். மாணிக்கவேல் கடையைத் திறக்கவில்லை. கரன்ட் வயரைத் தவிர போர்டிலிருந்து எல்லா வயரையும் கழற்றித் தனியாக ஓடவிட்டார். அரை மணி நேரமாகியும் சில்லென்று இருந்தது. சூடு அளக்கும் கம்பியை மாட்டினார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ரிலேயை மாட்டினார். எட்டாவது நிமிடம் விரல் வைக்க முடியவில்லை, போர்டு படுத்துவிட்டது.

ரிலேயைப் பிரித்துப் பார்த்தவருக்கு முகம் தொங்கிப்போனது. உள்ளே கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு காயில். சுற்றுகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டி, போர்டின் கரன்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஊரான் வீட்டுக் காயிலுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் தன் வீட்டுக் காயிலைக் கோட்டைவிட்டிருக்கிறார். வேறு ரிலே போட்டார். போர்டின் தலையில் பாரம் ஏற்றாமல் அதற்குத் தனியாகக் கரன்டும் கொடுத்தார். ஒன்றும் தெரியாதவர்போல எடுத்த இடத்தில் வைத்தார்.

ஞாயிறு காலை நீலாவதி சூளையைப் போட்டாள். ஐந்து மணி நேரம் போர்டு அசரவில்லை. சூடு வந்ததும் டக்கென்று தானே கரன்டை நிறுத்தியது. மாணிக்கவேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் சரி பண்ணேன். அந்த ஆள வரவேணாம்னு சொல்லிடு."

கையெல்லாம் களிமண்ணாக இருக்கிறது, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று அவள் போனை எடுத்தார். சேரன் என்று ஒரு பெயரே அதில் இல்லை. ஐந்தரை மணிக்கு எந்த நாளும் ஒரு அழைப்புகூட இல்லை.

"யாருகிட்டதான் பேசின?"

"போனுகிட்ட. மூணு மாசமா உங்ககிட்ட சொன்னேன், காதுலயே போவல. போனுகிட்ட சொன்னேன், உங்க காதுல வுழுந்துது." அவள் கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். "மிக்ஸியும் சூடாகுதுங்க. சேரன் சாரு வந்து பாக்குறேன்னாரு."

அப்படி ஒருத்தன் உலகத்திலேயே இல்லை என்று மாணிக்கவேலுக்கு இப்போது நன்றாகத் தெரியும். இருந்தாலும் எதற்கு வம்பு என்று மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டு ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்தார்.