யானையின் முப்பத்தொரு இலை

ஒரு காட்டில் கோடை தொடங்கிய அன்று மருதமரத்தடியில் இருந்தவர்கள்: யானை ஒன்று, நரி ஒன்று, முயல் ஒன்று, கடமான் ஒன்று. ஆக நால்வர். கிளையில் ஒரு குரங்கும் இருந்தது. அது வேடிக்கை பார்க்க வந்ததால் கணக்கில் சேர்க்கவில்லை.

தண்ணீருக்கு வழிகாட்டும் வேலைக்கு அன்று ஆள் எடுத்தார்கள். அந்த வேலையில் இருப்பவர் சுனையில் முதலில் குடிக்கலாம். மற்றவர்களுக்குக் கலங்கிய தண்ணீர்தான். ஆள் எடுக்க வந்த கடமான் பக்கத்துக் காட்டைச் சேர்ந்தது, யாரையும் தெரியாது. பயோடேட்டாவைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

யானை முப்பத்தொரு கோடை அந்த வேலையைப் பார்த்தது. கோடைக்கு ஒன்றாக முப்பத்தொரு மந்தாரை இலையில் எழுதி, புதியது மேலே, பழையது கீழே என்று அடுக்கிக் கொண்டுவந்தது.

பயோடேட்டா திருத்திக் கொடுக்கும் முயல் அந்த இலைக்கட்டைப் பார்த்துச் சிரித்தது.

“இத்தனை எதுக்குக்கா? அனுபவசாலிக்கு ரெண்டு இலை. அதுக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க.”

“எதைத் தம்பி எடுக்கிறது?”

“மேல இருக்கிற ரெண்டை வெச்சுக்குங்க. மீதியெல்லாம் பழசு.”

“முதல் வருஷம் பெரிய பள்ளம் வத்திப்போய், எல்லாரையும் மலைச்சுனைக்குக் கூட்டிட்டுப் போனேனே?”

“அப்ப நானே பொறக்கல. யாரு கேக்கப்போறாங்கக்கா?”

யானை மனமில்லாமல் இருபத்தொன்பது இலைகளைக் கீழே வைத்தது.

நரிக்கு அனுபவம் இல்லை. தன் பெயர் எழுதிய ஓர் இலை மட்டும் வைத்திருந்தது. கீழே கிடந்தவற்றை வரிசை கலையாமல் எடுத்து, தன் இலையை அடியில் வைத்துக் கட்டியது. ஆக முப்பது.

“அண்ணே, அது உங்க இலை இல்லையே” என்றது குரங்கு.

“நீ கணக்குலயே இல்ல. சும்மா இரு” என்றது நரி.

கடமானுக்குப் படிக்கும்போது மெல்லும் பழக்கம் உண்டு. சரியாகச் சொன்னால், மென்ற பிறகுதான் படிக்கும். அன்று காலையிலிருந்து அது ஒன்றும் சாப்பிடவில்லை. யானையின் இரண்டு இலையும் உடனே தீர்ந்தன. நரியின் கட்டில் மேலிருந்து இருபத்தேழு போனதும் வயிறு நிறைந்தது. மிச்சத்தைப் படித்தது.

“பெரிய பள்ளம் வத்தின வருஷம் எல்லாரையும் மலைச்சுனைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. நரியாரே, நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க.”

யானை மெதுவாகக் கேட்டது: “ஐயா, என்னுது?”

“நல்லா இருந்ததும்மா. இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.”

மறுநாள் விடிந்ததும் நரி வந்தது. “அக்கா, மலைச்சுனை எந்தப் பக்கம்?”

காட்டுக் குட்டிகளெல்லாம் தாகத்தோடு நின்றன. யானை முன்னால் நடந்தது. சுனையில் நரி முதலில் குடித்தது.

நீதி: அனுபவசாலிக்கு இரண்டு பக்கம் போதும். ஆனால் படிப்பவர் சாப்பிட்டு முடித்த பிறகும் அந்த இரண்டு பக்கம் மிஞ்ச வேண்டும்.

மீதி: இலை மூன்று. அதில் யானையுடையது இரண்டு.