ரிஜெக்ட் சார் வீட்டுக் கம்ப்யூட்டர்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த கையோடு அதை ரிஜெக்ட் சாரிடம் காட்டியிருந்தால், நமக்கெல்லாம் இன்றுவரை பூமி கிடைத்திருக்காது. "கடல்ல உப்பு ஜாஸ்தி. மலையெல்லாம் ஒண்ணு உசரம், ஒண்ணு குட்டை. எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணிட்டு வாங்க" என்று வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. "ரிஜெக்ட் சார் வீடு" என்றால் ஆட்டோவே தானாகக் கிளம்பும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பேனா சொருகும் சட்டைப் பையில் அவர் வெர்னியர் அளவுகோல் சொருகியிருப்பார். முறுக்கின் கனம் முதல் கதவின் இடுக்கு வரை அதை வைத்து அளக்காமல் விட மாட்டார்.

நாங்கள் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். வீடு கேட்டுப் போன அன்று என் வீட்டுக்காரரை ஹாலில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கச் சொன்னார். "குதிகால் ரொம்ப அழுந்துது சார். தரை சீக்கிரம் தேஞ்சிடும்" என்று யோசித்துவிட்டு, வேண்டாவெறுப்பாகச் சாவியைக் கொடுத்தார். தெருவில் வரும் தக்காளி வண்டிக்காரர் எங்கள் வாசல் வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கோயிலில் இளைஞர்கள் கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டாரில் ஒரு முனை நீளம் என்று சொல்லி, பாதிரியாரையே ஏணி பிடிக்க வைத்திருக்கிறார்.

அவர் மனைவி ஸ்டெல்லாக்காவிடம் ஒரு நாள் கேட்டேன். "அக்கா, உங்களை மட்டும் எப்படி ஒத்துக்கிட்டாரு?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அவருக்கு மெட்ராஸ் ஐ. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தாரு" என்றார் அக்கா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

அவர்களுக்கு ஒரே மகள் ஜாய்ஸ். கல்யாணமாகிக் கனடாவில் இருந்தாள். அவளுக்குப் பிள்ளைப்பேறு கிறிஸ்துமஸ் தாண்டி என்று டாக்டர் சொல்லியிருந்தார். போய்ப் பக்கத்தில் இருக்கலாம் என்று இரண்டு பேரும் விசாவுக்குப் போட, அங்கே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ரிஜெக்ட் சாரையே ஒருவர் ரிஜெக்ட் செய்துவிட்டார் என்று தெருவில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். ஸ்டெல்லாக்கா சிரிக்கவில்லை. போனில் மகள் முகத்தைப் பார்த்துப் பேசுவார். பாதிப் பேச்சில் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று யாராவது கூப்பிடுவார்கள், இல்லையென்றால் போன் சூடாகி அணைந்துவிடும்.

ஜாய்ஸ்தான் சொன்னாள். "அப்பா, ஹால்ல ஒரு கம்ப்யூட்டர் வைங்க. விலை கம்மியா எது கிடைச்சாலும் போதும். வேற எதுக்கும் அதைத் தொட வேணாம். இங்க நான் கேமராவைப் போட்டு வெச்சிடறேன். அம்மா சமைச்சுக்கிட்டே என்னைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே சார் மாடியேறி வந்தார்.

"மேடம், உங்களுக்கு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலைதானே?"

"பில் அடிப்பேன் சார். அவ்வளவுதான் தெரியும்."

"நடுவுல நின்னுபோச்சுன்னா?"

"ஐ.டி. தம்பியைக் கூப்பிடுவேன்."

"அவர் வந்து என்ன பண்ணுவார்?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார்."

சார் தலையை ஆட்டினார். "அப்ப விஷயம் தெரிஞ்சவங்கதான். சொல்லுங்க, ரெடிமேடா வாங்கறதா, பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள் பண்றதா?"

அந்த நிமிடம் என் நிம்மதி போயிற்று. அவர் இறங்கியதும் என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "எதையும் வாயால சொல்லிடாத. நீ சொன்னது கெட்டுப்போச்சுன்னா நாம பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஸ்டேஷன் பக்கத்துல, நல்ல தண்ணியோட, இந்த வாடகைக்கு எவன் குடுப்பான்?"

அதற்குப் பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் அடுப்படிக்குள் ஓடுவேன். சார் ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பயத்தோடு வருவார். மின்னல் இறங்கினால்? வோல்டேஜ் ஏறினால்? உள்ளே எறும்பு போனால்? மௌஸ் என்று நான் எதையோ சொல்லப்போக, எலி வயரைக் கடித்தால் என்ன கதி என்று அரை மணி நேரம் பேசினார். நான் எல்லாவற்றுக்கும் "பாக்கலாம் சார்" என்பேன். அந்த ஒரு வார்த்தையை வைத்து யாரும் என் மேல் பழி போட முடியாது.

அம்பத்தூரில் ஒரு ஷோரூமுக்கு என்னையும் அழைத்துப் போனார். டை கட்டிய பையன் ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினான். சார் அதைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"சார் சார், திறந்தா வாரண்டி போயிடும்!"

"திறக்காம உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கம்பெனி பாத்துத்தான் சார் மூடியிருக்காங்க."

"யார் பாத்தாங்க? அவர் பேரு என்ன?"

பையன் மேனேஜரை அழைக்கப் போனான். மேனேஜர் வரவே இல்லை. "மூடின பெட்டியை நான் எப்படி மேடம் ஒத்துக்கறது?" என்று சார் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்தது ஆவடியில் ஒரு அசெம்பிள் கடை. கடைக்காரரை எல்லோரும் அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே எல்லாம் திறந்தே கிடந்ததால் சாருக்கு முதலில் ஏகப்பட்ட சந்தோஷம். ஒவ்வொரு பாகத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இதுல ஒரு கீறல் இருக்கே?"

"அது கீறல் இல்ல சார். கம்பெனி பேரு போட்டுகீது."

"சரி, எல்லாத்தையும் மாட்டி, நாளைக்கு ஓடலைன்னா யாரு பொறுப்பு? போர்டு செஞ்சவன் பவர் சப்ளை மேல சொல்வான். அவன் இவன் மேல சொல்வான்."

அண்ணாத்தே பெருமூச்சு விட்டார். "இன்னா சார், பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாத்துகினே கீறீங்க? புடிச்சிருக்கா, இல்லியா, அத்த சொல்லு. அவ்ளோ பயமா இருந்தா செகண்ட் ஹேண்ட் ஒண்ணு கீது. ஏதோ ஆபீஸ்ல ஓடினது. கல்லு மாதிரி ஓடும்."

சார் முகம் சுண்டிப்போயிற்று. "ஏற்கெனவே ஒருத்தன் வேணாம்னு தள்ளினதையா நான் வாங்கணும்?"

இப்படியே ஐப்பசி போய்க் கார்த்திகையும் வந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் கம்ப்யூட்டருக்கென்று வாங்கிப் போட்ட மேசை மட்டும் தயாராக இருந்தது. அதுவும் மூன்றாவது மேசை. ஸ்டெல்லாக்கா அதன் மேல் துணி மடித்து வைக்க ஆரம்பித்திருந்தார்.

ஒரு மத்தியானம், மழைக்காக நான் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன். சார் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், நானூத்தம்பது வாட் பவர் சப்ளை போதுமா?"

"போதும்னு நினைக்கறேன் சார்."

வெர்னியரைப் பையிலிருந்து எடுத்துத் திரும்பச் சொருகினார். "நானூத்தம்பது போதுமில்ல?"

"சார், தண்ணி குடிக்கறீங்களா?"

தம்ளரை வாங்கினார். பாதித் தண்ணீர் வேட்டியில் கொட்டியது. அவரை வேட்டியில் ஈரத்தோடு நான் பார்த்ததே இல்லை. "நானூத்தம்பது..." என்று மூன்றாவது முறை ஆரம்பித்தவரை நிறுத்தி, "சார், ஜாய்ஸ் எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"பிரஷர் ஏறிடுச்சாம். இன்னும் நாள் இருக்கு, ஆனா காத்திருக்க முடியாதாம். ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. விடிஞ்சதும் ஆபரேஷன்னு மாப்பிள்ளை சொன்னாரு. அங்க விடியறப்போ இங்க சாயங்காலம்." தம்ளரைக் கீழே வைத்தார். "எங்க போய் மேடம் நான் செக் பண்றது?"

கீழே போய்ப் பார்த்தேன். ஸ்டெல்லாக்கா மாதா படத்துக்கு முன்னால் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் போன் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லாய்க் கொதித்தது. இதை நம்பிச் சாயங்காலம் வரை எப்படி இருப்பது?

இத்தனை மாதம் எதைச் சொல்லிவிடக்கூடாது என்று பயந்தேனோ, அதை அப்போது செய்தேன். அண்ணாத்தேக்குப் போன் போட்டேன்.

"அண்ணாத்தே, இப்பவே ஓடற மாதிரி ஏதாவது இருக்கா?"

"செகண்ட் ஹேண்டுதான் மேடம் ரெடியா கீது. ஆனா அந்த சார்..."

"கொண்டு வாங்க. நான் சொன்னேன்னு கொண்டு வாங்க."

போனை வைத்தேன். வீடு போச்சு என்று நினைத்துக்கொண்டேன். எந்தச் சாமானை முதலில் கட்டுவது என்றுகூட யோசித்தேன்.

அண்ணாத்தே கொட்டும் மழையில் ஆட்டோவில் வந்தார். தான் நனைந்துகொண்டு கம்ப்யூட்டருக்கு ரெயின்கோட் போட்டிருந்தார். மேசை மேல் வைத்ததும் பார்த்தேன். பெட்டியின் ஒரு பக்கம் நசுங்கல். பழைய ஆபீஸ் ஸ்டிக்கரைக் கிழித்த தடம். பக்கத்து மூடிக்கு ஒரு ஸ்க்ரூ வேறு நிறம், இன்னொரு ஸ்க்ரூவே இல்லை. சார் கிட்டே வந்தார். கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"நகருங்க" என்றார் ஸ்டெல்லாக்கா. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. சார் நகர்ந்தார்.

அண்ணாத்தே வயர்களைச் செருகி, கேமராவை மாட்டி, இன்டர்நெட்டுக்கு என் வீட்டு லைனை இழுத்தார். திரையில் முதலில் ஒரு கூரை தெரிந்தது, பிறகு மருமகனின் காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் போனை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தார். ஒரு கதவைக் காட்டினார். நாங்கள் நான்கு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெளியே இடி இடித்தபோதெல்லாம் சார் பிளக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கரண்டு போய்விடுமோ என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

கதவு திறந்தது. மருமகன் ஓடினார். படம் குலுங்கிற்று. "ஜாய்ஸ் நல்லாருக்கா, பொண்ணு!" என்று குரல் மட்டும் வந்தது. கொஞ்சம் பொறுத்து, வெள்ளைத் துணிச் சுருளுக்குள் ஒரு சின்ன முகம் திரை முழுக்க வந்து நின்றது.

ஸ்டெல்லாக்கா வாய்விட்டு அழுதார். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

அண்ணாத்தே என் காதருகில் வந்து, "இன்னா மேடம், இத்தயும் திருப்பி அனுப்பிடுவாரா?" என்றார்.

"மாப்பிள்ளை," என்றார் சார். "குழந்தைக்குக் குளிருது. துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடுங்க."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்குவது நின்று அவர் திரும்ப வெகு நேரம் ஆயிற்று.

கிளம்பும்போது அண்ணாத்தே பயந்துகொண்டே சொன்னார். "சார், மூடி நசுங்கிகீது. நாளிக்கு நல்லதா ஒண்ணு எட்தாந்து மாத்திடறேன்."

"தொடாதே," என்றார் சார். "ஓடிக்கிட்டு இருக்கு."

அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. குழந்தை தவழ்ந்ததும், சோற்றைத் துப்பியதும், "தாத்தா" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பாட்டி" என்று சொன்னதும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தன. சார் ஹாலில் கிசுகிசுப்பாகப் பேசக் கற்றுக்கொண்டார். அங்கே அது தூங்கும் நேரமாம்.

இரண்டு மழைக்காலம் கழித்து நாங்கள் திருநின்றவூரில் சொந்தமாக ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு கிளம்பினோம். சாமான் ஏற்றிய வண்டி புறப்படும் சமயம், சார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஏறினார். "ரோடு மோசம் மேடம். ஃப்ரிட்ஜ் ஆடும்" என்றார். காலி செய்துவிட்டுப் போகிறவர்களின் ஃப்ரிட்ஜைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றபடி வந்த வீட்டுச் சொந்தக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இறக்கி வைத்த பிறகு வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், ரயிலுக்கு நேரமாச்சு என்றார். ஸ்டேஷன் வரை கூடப் போனேன். ரயில் வந்ததும் சார் ஏறிக்கொண்டார். ரயில் போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.