பெரியப்பா பிரித்த கவர்

ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் உத்திரமேரூர்க்காரர்களுக்குக் கேக் செய்யச் சொல்லித்தரக் கூடாது என்று ஒரு சட்டம் வர வேண்டும்.

ஃபாண்டன்ட் என்பது சர்க்கரைப் பொடியைப் பிசைந்து செய்யும் மாவு. அதைத் திரட்டிப் போர்த்தினால் கேக் வழவழவென்று வெள்ளைச் சட்டை போட்டதுபோல் இருக்குமாம். "சப்பாத்தி மாதிரிதாங்க, ரொம்ப ஈஸி" என்றார், ஏசி அறையிலிருந்து வீடியோ போட்ட அம்மாள். நம்பியது என் தப்பா?

என் நாத்தனார் ஸ்டெல்லாவுக்கு நிச்சயதார்த்தம். காஞ்சிபுரத்தில் கேக் சொல்லிவிடலாம் என்றார் மாமியார்.

"எதுக்கு அத்தை கடை கேக்கு? நான் பண்றேன். மாப்ள வூட்டுக்காரங்க அசந்துடுவாங்க" என்றேன். (அசந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை.)

சித்திரை வெயில். மாவு பலகையில் ஒட்டியது. சோள மாவு தூவினேன், வெடித்தது. நெய் தடவினேன், மறுபடி ஒட்டியது. ஒருவழியாகப் போர்த்தினால், நாடா கட்டாத பாவாடை மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போனது. தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்ததும் அதன் மேல் முத்து முத்தாக நீர்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "இன்னா, உன் கேக்குக்கு வேர்க்குது?"

ஃபேனைப் போட்டேன். கரன்ட் போனது.

ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மண்டபம் போய்ச் சேர்ந்தபோது, கேக் ஈரமாக, பளபளப்பாக, சுருக்கம் சுருக்கமாக இருந்தது. வெள்ளையாகவாவது இருந்ததே.

ஸ்டெல்லாவும் மாப்பிள்ளையும் கத்தியைப் பிடித்தார்கள்.

"இருங்க, இருங்க" என்று மேடையேறினார் மாப்பிள்ளையின் பெரியப்பா. திருப்புலிவனத்தில் விவசாயம் பார்ப்பவர், யாருக்கும் உதவத் தயங்காதவர். "கவரப் பிரிக்காமயே வெட்டிக்கினு கீறீங்களே, இன்னா புள்ளைங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரத்தை நகத்தால் நெம்பி, மொத்தத்தையும் ஒரே உரியாக உரித்தார். அழகாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். கையைத் துண்டில் துடைத்தபடி, "பிசுபிசுன்னு கீது. மட்டமான பிளாஸ்டிக்கு" என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மண்டபத்து ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டெல்லா என் காதில் கெஞ்சினாள்: "அண்ணி, சொல்லிடாதீங்க. பாவம், பெரியப்பா மானம் போயிடும்."

அவர் மானம். என்னுடையது தொட்டிக்குள் கிடந்தது, அதைக் கேட்க ஆளில்லை.

அம்மணமாக நின்ற கேக்கை எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். "பஞ்சு மாதிரி கீதே, எந்தக் கடை?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"காஞ்சிபுரம்" என்றார் என் மாமியார், கண் இமைக்காமல்.

கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டெல்லாவே உண்மையை உடைத்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் பிஸ்கட் பாக்கெட்டைக்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் பிரிக்கிறார்கள். "இது கவரா, தின்னுறதா, அண்ணி?"

போன கிறிஸ்துமஸுக்கு எனக்கு உடம்பு சரியில்லாததால் கடையில் கேக் வாங்கினோம். அதைச் சுற்றி நிஜமாகவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. விருந்துக்கு வந்த பெரியப்பா தன் பங்குக் கேக்கை அந்தத் தாளோடு வாயில் போட்டு, நான் தடுப்பதற்குள் மெல்லத் தொடங்கிவிட்டார். வெகு நேரம் மென்றார். கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"இந்தவாட்டி நான் ஏமாறலம்மா" என்றார். "நல்லாத்தான் போத்தியிருக்க."