தொண்ணூற்றாறாம் வருடப் புத்தகம்

"முட்டி வலிக்கிற மாதிரி இருக்கு" என்று பால்ட்ஸ் சொல்லி முடிப்பதற்குள், வருங்கால மருமகன் ஃப்ரிடோலின் முதுகுப்பையிலிருந்து முட்டிப்பட்டையை உருவிவிட்டான்.

"கவலையே படாதீங்க மாமா. ரெண்டு முட்டிக்கும் வெச்சிருக்கேன்."

கட்டியும் விட்டான். இனி வலி என்று வாயைத் திறக்க முடியாது.

ஜூலை மாதம். கீழே பள்ளத்தாக்கில் வைக்கோல் காய்கிற வெயில். மேலே காலன்ஷ்டாக் மலையில் பனி அசையாமல் கிடந்தது. உச்சியில் ஒரு புத்தகம் இருக்கும். ஏறுகிறவர்கள் தேதி போட்டு அதில் கையெழுத்திடுவார்கள். நிரம்பிய புத்தகங்களை உச்சிக்குக் கீழே உள்ள குடிலில் அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே போய் மாமாவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று பால்ட்ஸையும் அவர் மனைவி வெரேனாவையும் ஃப்ரிடோலின் கிளப்பிவிட்டான்.

சிக்கல் என்னவென்றால், பால்ட்ஸ் அந்த உச்சிக்குப் போனதே இல்லை.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் ஊர் நடன விழாவில் வெரேனாவைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "நேத்து தனியா காலன்ஷ்டாக் உச்சிக்கு ஏறிட்டு வந்தேன்" என்றார். அவள் கண்கள் விரிந்தன. மறு வருடம் கல்யாணம். பிறகு கதையில் புயல் சேர்ந்தது, இடி சேர்ந்தது, ஒரு கழுகும் வந்து சேர்ந்தது. மலையேற்ற பூட்ஸ் கடை வைத்திருப்பவருக்கு வியாபாரமும் நன்றாக நடந்தது. குட்டு உடைந்து கடை போனால் போகட்டும். வெரேனா கட்டிக்கொண்டது உச்சிக்குப் போன ஆளை. போகாத ஆளை அவளுக்குத் தெரியவே தெரியாது.

எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வது மலைப்பாதையின் மரியாதை. பால்ட்ஸ் வணக்கத்தோடு நிறுத்தாமல் ஊர், பேரன், பல்வலி வரை விசாரித்தார். ஒரு மணி நேரம் போனது.

"தம்பி, நேரமாயிடுச்சு. இனிமே பனி இளகிடும். ஆபத்து. திரும்பிடலாம்."

"மாமா அனுபவஸ்தர், சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்போ வேகமா போயிடுவோம்!" என்று ஃப்ரிடோலின் ஓட ஆரம்பித்தான். பால்ட்ஸும் பட்டை கட்டிய முட்டிகளோடு ஓடவேண்டியதாயிற்று.

ஒரு பாறையில் உட்கார்ந்து ரொட்டியும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியும் தின்றபோது இன்னொரு யோசனை வந்தது.

"எந்த வருஷம்னே மறந்துபோச்சுப்பா. அத்தனை புத்தகத்துல எங்கன்னு தேடுவ?"

"தொண்ணூத்தாறு" என்றாள் வெரேனா, ரொட்டியை நறுக்கிக்கொண்டே. "ஆகஸ்ட் பதினாலு."

"உனக்கு எப்படி..."

"அந்த நாளை நான் மறப்பேனா?"

பால்ட்ஸ் மிச்ச ரொட்டியைப் பைக்குள் திருப்பி வைத்தார்.

பனிச்சரிவில் அவர் இரண்டாவது அடியிலேயே சறுக்கி, உட்கார்ந்தபடியே இருபது கஜம் கீழே போய் நின்றார். வெரேனா குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்கிவந்து கை கொடுத்தாள்.

"என் கால் தடத்துல மிதிச்சு வாங்க."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"உங்க கதையைக் கேட்டுக் கேட்டுத்தான்."

அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினார். இவளிடம் இப்போதே உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. "வெரேனா" என்று கூப்பிட்டார். அவள் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சியான்னு கேட்டேன்."

குடில் தெரிந்ததும் முந்திக்கொண்டு ஓடினார். குடில்காரர் மெல்கியோரைத் தனியாகப் பிடித்துக் காலில் விழுந்தாவது புத்தகத்தை மறைக்கச் சொல்லவேண்டும்.

"பூட்ஸோட உள்ள வராதீங்க!" என்று மெல்கியோர் கத்தினார். "பூட்ஸ் கடைக்காரரே இப்படிப் பண்ணினா மத்தவங்கள நான் என்ன சொல்றது?"

வாசலில் முடிச்சை அவிழ்த்துக் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு வருவதற்குள் ஃப்ரிடோலின் கேட்டுவிட்டான்.

"தொண்ணூத்தாறாம் வருஷப் புத்தகம் வேணுங்க. மாமா கையெழுத்து இருக்கு."

பால்ட்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அதுவா?" மெல்கியோர் தலையைச் சொறிந்தார். "அத எலி தின்னுடுச்சு தம்பி. அந்த ஒரு வருஷத்தை மட்டும்."

ஃப்ரிடோலினின் முகம் தொங்கியது. பால்ட்ஸ் உயிர்த்தெழுந்தார். பார்லி சூப் வந்ததும் கதையை முதலிலிருந்து எடுத்துவிட்டார். இந்தத் தடவை கழுகுகள் இரண்டு. வெரேனா கன்னத்தில் கை வைத்து, முதல்முறை கேட்பவள்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் இருவரும் வெளியே போனதும், காலிக் கிண்ணங்களை அடுப்படியில் கொண்டுவந்து வைத்தார் பால்ட்ஸ். கண் கலங்கியிருந்தது.

"அந்த எலி நல்லா இருக்கணும்" என்றார் மெல்ல.

மெல்கியோர் கிண்ணத்தைத் துடைத்தபடி சொன்னார்: "எலியாவது மண்ணாவது! புத்தகம் உள்ளதான் பத்திரமா இருக்கு. அந்த ஆகஸ்ட் பதினாலு அன்னிக்கு உச்சியில கையெழுத்துப் போட்டது உங்க வீட்டம்மா ஒருத்தங்கதான். அது உங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு காலையிலயே எனக்கு போன் பண்ணிட்டாங்க."