கழுகுத் தொப்பியைக் கைப்பற்றிய வீரர்

போர்முனையைப் பார்க்காமலே போரில் வென்ற ஓர் இனம் நம் யாழ்ப்பாணத்தில் பெருகி வருகிறது, கவனித்தீர்களா? நான் அவர்களுக்கு வெற்றிச்சின்னர் என்று பெயர் வைத்திருக்கிறேன். சண்டை ஓய்ந்து ஒரு வருடமாகிறது. போனவன் வேலை தேடி அலைகிறான். போகாதவன் வீட்டிலோ அலுமாரி நிறைய இரும்புத் தொப்பி.

சண்டிலிப்பாய்ப் பரமலிங்கத்தாரைப் பாருங்கள். ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அன்று மேசைக்கடியில் கிடந்தவர் என்று அவருடைய மனைவியே சொல்வார். இன்று யார் அவர் படலையைத் திறந்தாலும், தேத்தண்ணீர் வருமுன்னே கண்ணாடி அலுமாரி திறந்துவிடும்: இத்தாலியன் தண்ணீர்ப் போத்தல், கோப்பாயில் ஒரு வீட்டில் கோழிக்குத் தவிடு குழைக்கும் சட்டியாகக் கிடந்த நிலையில் மீட்டு வந்த ஜெர்மன் இரும்புத் தொப்பி, ஜப்பான் துப்பாக்கிக் கத்தி (தேங்காய் உரித்துத்தான் முனை மழுங்கியது என்று மனைவி வாயெடுத்தால் அவர் பலமாக இருமுவார்), எல்லாவற்றுக்கும் நடுவே, வெல்வெட் துணியின் மேல், நாலு மூலை வைத்த ஒரு துணித் தொப்பி. முன்பக்கத்தில் கழுகு.

"உது ஹிட்லரின்ரை பெரிய ஒபிசர் ஒருத்தன்ரை. நாலு மூலையும் நாலு திக்கு. உலகத்தையே ஆள நினைச்ச கொழுப்பு, பாத்தீரே?"

எங்கே பிடித்தது என்று கேட்டால், "இத்தாலியிலை, கடுஞ் சண்டை" என்பார். உண்மையில் அது பிடிபட்டது குருநகரில்.

குருநகர் மக்டலீனின் ஒரே மகன் அடைக்கலநாதன் பிரிட்டிஷ் இராணுவத்தின் பயனியர் படையோடு போய் இத்தாலியில் காய்ச்சலில் செத்தான். உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தது ஒரு பெட்டி, அதற்குள் இந்தத் தொப்பி. ஆசுபத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த போலந்துச் சிப்பாய் ஒருவன் தந்தது என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான். இப்படி ஒரு செய்தி காதில் விழுந்தால் வெற்றிச்சின்னர் என்ன செய்வார்? துக்கம் விசாரிக்கப் போவார். பரமலிங்கத்தார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார், கண்ணைத் துடைத்தார், தொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், "எணை, பூச்சி அரிக்கத் துவங்கிட்டுது, மருந்து போட்டுத் தாறன்" என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வேட்டுக்கூடத் தீரவில்லை.

ஏழு மாதம் மருந்து போட்டார்.

ஒக்டோபர் கடைசி நாள் காலை. நாங்கள் நாலு பேர் அலுமாரி முன்னே வாய் பிளந்து நிற்கையில் மக்டலீன் வந்தாள்.

"நாளையிண்டைக்கு ஆத்துமாக்கள் திருநாள் ஐயா, செத்தவையை நினைக்கிற நாள். சவக்காலையிலை சாமியார் இடம் காட்டிப்போட்டார். பிள்ளையின்ரை உடம்புதான் இல்லை, உந்தத் தொப்பியையாவது தாட்டுப்போட்டு ஒரு குருசு நடப்போறன். தாங்கோ."

"உனக்கு விளங்காதெணை. இது இப்ப நாட்டின்ரை சொத்து. எதிரியிட்டைப் பிடிச்ச சாமானைக் கறையானுக்குக் குடுக்கிறதோ?"

"எதிரி இல்லை ஐயா, போலந்துக்காரன். எங்கடை பக்கம் நிண்டு சண்டை பிடிச்சவங்கள். கழுகின்ரை தலையிலை கிரீடம் இருக்குது, பாருங்கோ."

குனிந்து பார்த்தோம். இருந்தது. பரமலிங்கத்தார் அசையவில்லை. நம் பக்கத்து ஆளின் தொப்பியைப் பார்க்க எவன் சண்டிலிப்பாய்க்கு பஸ் ஏறுவான்? எங்கள் பக்கம் திரும்பி, "உதைப் பிடிச்ச பெடியன்ரை தாய் இவதான்" என்று அவளையும் அலுமாரிச் சாமான்களில் ஒன்றாகக் காட்டினார்.

"என்ரை பிள்ளை ஒருத்தரிட்டையும் பிடிக்கேல்லை. அவனுக்கு விரும்பிக் குடுத்தவங்கள். நீங்கள்தான் பிடிச்சனீங்கள்," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல்.

அவர் அலுமாரியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகினார். அவள் வெறுங்கையோடு நடந்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாலு பேரில் ஒருவரும் அவள் பின்னால் போகவில்லை. அவள் படலையைத் தாண்டியதும், "அண்ணை, அதை ஒருக்கால் தலையிலை வைச்சுப் பாக்கலாமோ?" என்று கேட்டது வேறு யாருமல்ல, நான்.

காறித் துப்புங்கள், எனக்குத் தகும். துப்பிவிட்டு ஒன்று சொல்லுங்கள்: அந்தத் தொப்பி என் தலைக்குப் பொருந்தியதா என்று அறிய உங்கள் மனத்திலும் ஒரு சின்னக் குறுகுறுப்பு எழுந்ததல்லவா? ஆத்துமாக்கள் திருநாளன்று அந்தத் தாய் எதைப் புதைத்தாள் என்று கேட்க உங்களுக்கும் தோன்றவில்லையே.