இடது இருக்கையில் மூன்று வாரம்

கலோனா, அயோவா
ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மைத்துனன் மேலனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் நலம். அங்கே மிசௌரியில் உன் மனைவி மக்களும் கறவை மாடுகளும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம். மூன்று நாளாக மழை விடவில்லை. ஓட்ஸ் விதை மூட்டையிலேயே கிடக்கிறது.

மார்ச் பதினெட்டாம் தேதி காலை என் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. அன்று பிற்பகலே நெடுஞ்சாலைச் சந்திப்பில், பின்னால் வந்து எங்களை முந்தப் பார்த்த தீவன லாரியைக் கவனிக்காமல், குதிரை வண்டியை இடப்பக்கம் திருப்பினேன். உன் அக்கா எல்மினா என் கையிலிருந்த கடிவாளத்தைப் பிடுங்கிக் குதிரையை வலப்பக்கம் இழுத்தாள். லாரி போய்விட்டது. வண்டி பள்ளத்தில் இறங்கியது. பதினெட்டு டஜன் முட்டை உடைந்தது. உயிருக்குச் சேதம் இல்லை. நடந்தது இவ்வளவுதான். அக்கா உனக்கு வேறு மாதிரி எழுதியிருந்தால் அது பயத்தில் எழுதியது.

உன் இடுப்புவலிக்கு, மருந்தில்லாமல் கையாலேயே மூட்டுகளைச் சரிசெய்யும் கைரோபிராக்டரிடம் போகலாமா, போனால் என்ன செய்வார்கள், எலும்பைக் கிலும்பை முறித்து வைப்பார்களா என்று கேட்டிருந்தாய். நான் போய்வந்தவன் என்பதால், பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

பள்ளத்திலிருந்து வண்டியை மேலே ஏற்றுவதற்கு முன்பே எல்மினா விசாரணையை ஆரம்பித்துவிட்டாள். "ஏன் திரும்பிப் பார்க்கலை?" என்றாள். பார்த்தேன் என்றேன். "எங்கே பார்த்தீங்க? உங்க தொப்பிகூடத் திரும்பலை" என்றாள். "கழுத்து முழுசா திரும்புற வரைக்கும் நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க" என்று சொல்லி, ஓட்டுகிறவர் உட்காரும் வலது இருக்கையில் ஏறிவிட்டாள். முப்பத்து நான்கு வருடத் திருமண வாழ்க்கையில் அவள் வலதிலும் நான் இடதிலும் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இதில் என் மானம் போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிழைப்பைத்தான் நினைத்தேன். பந்தய மைதானத்தில் தோற்று ஒதுக்கப்பட்ட குதிரைகளை வாங்கி, வண்டிக்குப் பழக்கி, "சாது, சாலைக்கு மிரளாது, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்" என்று சொல்லி விற்கிறவன் நான். இருபத்திரண்டு வயதில் ஒரு நொண்டிப் பெட்டைக் குதிரையோடு ஆரம்பித்த வியாபாரம், வெறும் வாய்வார்த்தையின் பேரில்தான் இத்தனை வருடம் ஓடுகிறது. அப்படிச் சொல்கிறவனே மனைவி பக்கத்தில் தவிட்டு மூட்டை மாதிரி வந்து இறங்கினால் அந்த வார்த்தையை எவன் வாங்குவான்? மே முதல் வாரம் சந்தை. கொட்டிலில் ஐந்து குதிரைகள் நிற்கின்றன. சந்தைக்குள் கடிவாளம் என் கைக்கு வராவிட்டால் ஐந்தையும் நானே வைத்துத் தீனி போட வேண்டியதுதான்.

அந்த ஞாயிறு சபை ஆராதனை லெஸ்டர் ஹெர்ஷ்பெர்கர் வீட்டில். லெஸ்டரை உனக்குத் தெரியும், எங்கள் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவன். ஆண்கள் எல்லோரும் கொட்டில் வாசலில் வரிசையாக நிற்க, எல்மினா வண்டியை வளைத்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் இறங்கினேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். லெஸ்டர் மட்டும் பக்கத்தில் வந்து, "ஏன் ஓர்வா, வழியில யார் யார் வீட்டு வேலி சாஞ்சிருக்கு?" என்று கேட்டான். எதற்குக் கேட்கிறாய் என்றேன். "இல்லப்பா, எங்களுக்கெல்லாம் குதிரை வாலைத் தவிர வேறெதையும் பார்க்கக் கொடுத்து வைக்கலை. உனக்குத்தான் வேடிக்கை பார்க்க நேரம் இருக்கு" என்றான். அன்று மூன்று மணி நேரப் பிரசங்கத்தில் தாழ்மையைப் பற்றிப் பேசியபோது பாதிப் பேர் என் பக்கம் பார்த்தார்கள். நான் அவர்கள் பக்கம் பார்க்க முடியவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்தது எனக்கு இடப்பக்கம்.

எடுத்த எடுப்பில் கைரோபிராக்டரிடம் ஓடினேன் என்று நினைக்காதே. முதலில் ஆஸ்பத்திரி டாக்டரிடம்தான் காட்டினேன். நீயும் அப்படியே செய். கை மரத்துப்போகிறதா, தலை சுற்றுகிறதா, கீழே விழுந்தீர்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். சதைப் பிடிப்புதான், மாத்திரை போட்டுக்கொண்டு ஆறு வாரம் பொறுத்தால் தானே போய்விடும் என்றார். ஆறு வாரம் பொறுத்தால் சந்தையே முடிந்துவிடும். அதனால் மர அறுவை மில் வைத்திருக்கும் ஹார்லி பான்ட்ரெகரிடம் போனேன். கைரோபிராக்டரிடம் போய்ப் போய் அந்த ரோடே அவன் பெயரில் இருக்க வேண்டும். எத்தனை தடவை போயிருக்கிறாய் என்றேன். "நாப்பது இருக்கும்" என்றான். அப்படியானால் குணமாகவில்லை என்றேன். "குணமாச்சே" என்றான். குணமானால் எதற்கு நாற்பது தடவை என்று மடக்கினேன். "நீ குதிரைக்கு ஆயுசுக்கும் ஒரே தடவைதான் லாடம் அடிப்பியா?" என்று கேட்டுவிட்டு ரம்பத்தை ஓட்டப் போய்விட்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது, நான் சேர்ந்துகொண்டால் அவனுக்கு வேன் வாடகையில் பாதி மிச்சம். ஆனாலும் அவன் தலைக்குமேல் பலகை தூக்குவதை என் கண்ணால் பார்த்தேன். வாங்குகிறவன் விற்பவன் பேச்சைக் கேட்கக் கூடாது, சரக்கு நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கார் ஓட்டக் கூடாது என்றுதான் நம் ஆமிஷ் சபையில் இருக்கிறதே தவிர, அடுத்தவர் ஓட்டுவதில் ஏறக் கூடாது என்று இல்லை. அதனால் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டார்லீனின் வேனைப் பேசினோம். எத்தனை பேர் ஏறினாலும் மைல் கணக்கு வாடகைதான் என்பதால் விஷயம் பரவிவிட்டது. நானும் எல்மினாவும் ஹார்லியும் என்று ஆரம்பித்தது, பல் பிடுங்க ஒருவர், துணிக்கடைக்கு மூன்று பெண்கள், முழங்கால் வலியோடு ஹார்லியின் மாமியார் என்று எட்டுப் பேராகி, கடைசியில் எங்கும் போக வேண்டியிராத லெஸ்டரும் ஏறிக்கொண்டான். நீ ஏன் வருகிறாய் என்றேன். "பார்க்கத்தான்" என்றான். முப்பது மைலும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஹார்லியின் மாமியார், கைரோபிராக்டர் கழுத்தைத் திருப்பும்போது நாக்கை உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா வச்சுக்க" என்றார். மிச்ச தூரம் முழுக்க நான் நாக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனேன்.

போனவுடன் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் ஒரு கேள்வி வரும், ஜாக்கிரதையாக இரு. வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று மேசையில் இருந்த பெண் கேட்டாள். முதலில் எண்ணைச் சொல்கிறவன் தோற்றான் என்பது உனக்கே தெரியும். "மத்தவங்க எவ்வளவு சொல்றாங்க?" என்றேன். "அது அவங்கவங்க வலிங்க" என்றாள். "பொதுவா எவ்வளவுல முடியும்?" என்றேன். "நீங்க உங்க வலியைச் சொல்லுங்க" என்றாள். அதிகம் சொன்னால் கட்டணம் ஏறுமோ, குறைத்துச் சொன்னால் வேலையைக் குறைத்துவிடுவார்களோ என்று யோசித்து நாலு என்றேன். "ஏழுன்னு போடும்மா, ராத்திரியெல்லாம் முனகறாரு" என்றாள் எல்மினா. நான் நாலரைக்கு வந்தேன். அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். ஆறுக்கு முடிந்தது. பிறகுதான் சொன்னாள், எண் எதுவாக இருந்தாலும் கட்டணம் ஒன்றுதானாம். "நீங்க ஆமிஷ் ஆளுங்க, ரொக்கமா கொடுப்பீங்க, அதுக்குத் தள்ளுபடி உண்டு" என்றும் சொன்னாள். கேட்காமலே கொடுத்த தள்ளுபடி என்பதால் எனக்குச் சந்தேகம் அதிகமாயிற்று.

டாக்டர் வாவ்ரா என்று பெயர். ஹார்லி சொன்னதை வைத்து மாடு பிடிக்கிற மாதிரி ஓர் ஆளை எதிர்பார்த்தேன். வந்தது என் விலா உயரம்கூட வராத ஒரு பெண். நான் அவள் கைகளைப் பார்த்தேன், மணிக்கட்டைப் பார்த்தேன். எத்தனை வருடமாக இந்தத் தொழில் என்றேன். "பதினோரு வருஷம். குதிரை வியாபாரின்னு எழுதியிருக்கீங்களே, வாயைத் திறந்து பல்லும் காட்டணுமா?" என்றாள். எல்மினாவுக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துவிட்டது. பிறகு முக்கால் மணி நேரம் என்னைத் தொட்டும் தட்டியும் பார்த்தாள். ரத்த அழுத்தம், கைப்பிடி பலம், முழங்காலில் சுத்தியல், நடை, நிற்பு எல்லாம். நான் ஆயிரம் டாலர் குதிரையைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எக்ஸ்ரே உண்டா என்றேன். "உங்களுக்குத் தேவையில்லை, எதுக்கு வீண் செலவு" என்றாள். அப்புறம் ஒரு காகிதத்தை வைத்து, "கழுத்தைச் சட்டுனு திருப்பும்போது ரொம்ப அபூர்வமா ரத்தக்குழாய்க்குக் கெடுதல் வரலாம், பக்கவாதம்கூட வரலாம். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. வேண்டாம்னா மெல்லத் தளர்த்துற முறையும் இருக்கு, கொஞ்சம் நாளாகும்" என்றாள். மேலன், முப்பத்தாறு வருட வியாபாரத்தில், கேட்பதற்கு முன்பே சரக்கின் குறையைச் சொன்ன ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். நான் சொன்னதில்லை. அந்த இடத்தில்தான் அவளை நம்பினேன். எல்மினா மட்டும், "மெல்லத் தளர்த்துறதுன்னா கட்டணம் எவ்வளவு குறையும்?" என்று கேட்டாள். ஒரே விலைதான் என்று தெரிந்ததும், "மெல்லவே பண்ணுங்க, எனக்கு இவரு ஒருத்தர்தான்" என்றாள். அப்படி அவள் சொல்லி நான் கேட்டு வெகுநாள் ஆயிற்று. நான் படுத்துக்கொண்டு மேலே கூரையைப் பார்த்தேன்.

முகம் புதைக்கிற இடத்தில் ஓட்டை வைத்த மேசை. கழுத்தை மெல்ல இழுத்தாள், அமுக்கினாள். அது சுகமாகவே இருந்தது. முதுகில் மட்டும், மூச்சை விடச் சொல்லி, ஒரே அமுக்கு. காய்ந்த சோளத்தட்டையை மிதித்த சத்தம். எல்மினா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். வெளியில் உட்கார்ந்திருந்த லெஸ்டர், "முடிஞ்சுதா ஆளு?" என்று கேட்டது உள்ளே கேட்டது. அது எலும்பு இல்லை, மூட்டுக்குள் இருக்கும் காற்றுக் குமிழி என்று டாக்டர் விளக்கினாள். ஆகவே உனக்கும் அந்தச் சத்தம் வரும், பதறாதே. வராவிட்டாலும் பதறாதே. மறுநாள் உடம்பு வைக்கோல் போர் சரிந்து மேலே விழுந்தது மாதிரி வலிக்கும், இரண்டு நாளில் போய்விடும்.

வெளியே வரும்போது மேசைப் பெண் இருபத்து நான்கு வருகைக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்று ஆரம்பித்தாள். "ஒரு குதிரையை ஓட்டிப் பார்க்காம இருபத்து நாலை மொத்தமா வாங்குற வழக்கம் எங்களுக்கு இல்லம்மா" என்றேன். டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "மூணு தடவை வரட்டும், சரியாகலைன்னா நானே வேற இடத்துக்கு அனுப்பறேன்" என்றாள். அதற்குச் சம்மதித்தேன். நீயும் மூன்றுக்குமேல் ஒப்புக்கொள்ளாதே.

இரண்டாம் வருகைக்குப் பிறகு வண்டியின் இடது சக்கரம் தெரிந்தது. எல்மினாவிடம் கடிவாளத்தைக் கேட்டேன். அவள் லெஸ்டரின் மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி வண்டியை நிறுத்தி, "உட்கார்ந்தபடியே திரும்பி, பின்னால எத்தனை மாடுன்னு சொல்லுங்க" என்றாள். பதினொன்று என்றேன். "பன்னிரண்டு" என்றாள். ஒன்று படுத்திருந்தது, அதுவும் கணக்கா என்றேன். "படுத்திருக்கிறதும் மாடுதான்" என்று சொல்லிக் குதிரையைத் தட்டிவிட்டாள். மூன்றாம் வருகை முடிந்து, நேற்று முன்தினம், பன்னிரண்டையும் சொன்னேன், கூடவே இரண்டு கன்றுக்குட்டிகளையும். அவள் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, இடது பக்கம் ஏறிக்கொண்டாள். நான் வலது பக்கம் நகர்ந்து கடிவாளத்தை வாங்கிக்கொண்டேன்.

ஆகவே என் யோசனை: தயங்காமல் போ, சீக்கிரம் போ. ஒரு மனிதன் தன் இடத்தில் உட்கார்ந்து தன் குதிரையைத் தானே ஓட்டுவதற்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. வியாபாரத்துக்கும் அதுதான் நல்லது.

உங்கள் சபை மூப்பர்களுக்கும் அத்தை வீட்டாருக்கும் எங்கள் அன்பைச் சொல். கர்த்தர் உன் இடுப்பையும் உன் வீட்டையும் காப்பாராக.

உன் அக்கா கணவன்,
ஓர்வா கிங்கரிச்

பின்குறிப்பு, ஏப்ரல் 14, திங்கள்: மழையில் தபால் பெட்டிவரை போகாததால் கடிதம் இங்கேயே இருந்தது. சனிக்கிழமை இண்டியானாவிலிருந்து எர்வின் லாம்பிரைட் என்பவர் குதிரை பார்க்க வந்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் இரண்டு மகள்களுக்கும், தன் தங்கைகளுக்குமாகச் சேர்த்து வாங்குகிறாராம். ஹார்லியின் மில்லில் மரம் வாங்க இரண்டு தடவை வந்தபோது எல்மினா கறுப்புக் குதிரையை ஓட்டிப்போனதைப் பார்த்திருக்கிறார். நான் அதே குதிரையைப் பூட்டி, முற்றத்தில் நேர்த்தியாக ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். "அந்தம்மா ஏன் ஓட்டலை?" என்றார். எனக்குக் கழுத்து சரியாகிவிட்டது என்றேன். "உங்க கழுத்தைக் கேட்கலைங்க. போன வாரம் வரைக்கும் பொம்பளை ஓட்டின குதிரை, இன்னிக்கு ஆம்பளை பிடிச்சிட்டு வர்றீங்க. குதிரைக்கு என்ன ஆச்சு?" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, அவர் விலையைக் குறைத்துக்கொண்டே போனார். பெண்கள் ஓட்டலாம் என்று முப்பத்தாறு வருடமாக நான் தொண்டை கிழியச் சொன்னதை யாரும் முழுசாக நம்பியதில்லை. எல்மினா வாயைத் திறக்காமல் மூன்று வாரத்தில் நம்பவைத்திருக்கிறாள். நான் கழுத்தைச் சரிசெய்து அதைக் கெடுத்தேன். ஐந்து குதிரைகளையும் அவள் சாலையில் ஓட்டிக் காட்டினால் ஐந்தையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார். ஆகவே மேலே 'தயங்காமல் போ, சீக்கிரம் போ' என்று எழுதியதை அடித்துவிடு. இடுப்பு தாங்கும் மட்டும் பொறுத்து, உன் மனைவி எப்படி ஓட்டுகிறாள் என்று முதலில் பார்.

நான் சமையலறைக்குப் போனேன். எல்மினா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "ஜன்னல் வழியா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். என்ன தர்றீங்க?" என்றாள். இருபதில் ஒரு பங்கு என்று ஆரம்பித்தேன். அவள் நிமிரவே இல்லை. இன்னும் இரண்டு தடவை நானே ஏற்றினேன். பேசி முடித்தது இது: திங்கள் முதல் சனி வரை கடிவாளம் அவளிடம், வியாபாரம் இல்லாத ஞாயிறு மட்டும் என்னிடம், அவள் ஓட்டி விற்கும் ஒவ்வொரு குதிரையின் விலையிலும் பத்தில் ஒரு பங்கு அவளுக்கு, சமையலறைக்குப் புதுத் தரை தனி.